தேங்க் யூ சொல்லாத மாதேஸ்வரி

எங்கள் தெருவில் சண்டை போட மூன்று மொழிகள் இருந்தன. பால்காரரோடு கன்னடம், எதிர்வீட்டோடு தெலுங்கு, வீட்டுக்குள் தமிழ். ஓசூருக்குப் பக்கத்தில், எல்லையை ஒட்டிய ஊர்களில் அது ஒரு வசதி. ஒன்றில் தோற்றால் அடுத்ததற்குத் தாவிக்கொள்ளலாம். ஆங்கிலம் மட்டும் யார் வீட்டிலும் இல்லை. நான் ஐந்தாம் வகுப்புக்குப் போன வருஷம் எங்கள் அரசுப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த டீச்சர், இனிமேல் ஊர்ப் பிரச்சினைகளை நாங்கள் ஆங்கிலத்தில் எழுந்து நின்று பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார். "பெரியவங்க பேசற எடத்துல உனக்கென்னா வேல" என்று மூன்று மொழியிலும் வாயடைக்கப்பட்ட பிள்ளைகள் நாங்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

குப்பை, சாக்கடை, தெருநாய், வேகமாகப் போகும் கம்பெனி பஸ் என்று ஜோடிக்கு ஒரு பிரச்சினை கொடுத்தார். ஒருத்தர் பிரச்சினையைச் சொல்லி 'ஒய்?' என்று கேட்க வேண்டும். எதிரே நிற்பவர் 'பிகாஸ்' என்று ஆரம்பித்துக் காரணம் சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் 'எனி அதர் ரீசன்?' என்று மறுபடி கேட்கலாம். கேட்டவர் 'தேங்க் யூ' சொன்ன பிறகுதான் பதில் சொன்னவர் உட்காரலாம். இந்தக் கடைசி விதி எங்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஆகாதவர்களை மணி அடிக்கும்வரை கால் கடுக்க நிற்க வைத்தோம். டீச்சர் சிரித்துக்கொண்டே பார்ப்பார், தடுக்க மாட்டார்.

என் ஜோடி மாதேஸ்வரி. அஞ்செட்டிப் பக்கம் ஒரு மலைக்கிராமத்திலிருந்து வந்தவள். அவள் அப்பாவுக்குக் கம்பெனியில் லோடு ஏற்றும் வேலை. என் சித்தப்பாவுக்குச் சொந்தமான லைன் வீடுகளில், தெருக்கோடி அறையில் வாடகைக்கு இருந்தார்கள். ஊராட்சிக் குழாயில் தண்ணீர் விடுகிற நாளில் அவள் பள்ளிக்கு வரமாட்டாள், வந்தாலும் மத்தியானம்தான். அந்தக் கோடிக் குழாயில் முதலில் காற்று வரும், பிறகு சொட்டும். அப்பா, அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போய்விடுவதால் குடத்துக்குக் காவல் அவள்தான். இப்படியே போனால் அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்கே போய்விடலாம் என்று அவள் அப்பா சொல்ல ஆரம்பித்திருந்தார். வகுப்பில் எனக்கென்று இருந்த சிநேகிதி அவள் ஒருத்திதான். எங்கள் ஜோடிக்கு டீச்சர் தண்ணீரைக் கொடுத்ததில் ஆச்சரியம் இல்லை.

எங்கள் வீட்டில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. மேல்நிலைத் தொட்டியை ஒட்டிய முதல் வீடு. அதுவும் போதாதென்று சித்தப்பா குழாயில் நேராக ஒரு மோட்டாரைப் பொருத்தி, அதன் மேல் பழைய பிளாஸ்டிக் டிரம் ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தார். கம்பெனியில் ஃபிட்டர், அதனால் வேலை சுத்தமாக இருக்கும். தண்ணீர் விட்டதும் டிரம்முக்குள் அது உறுமும். "நாம உறிஞ்சினா கடைசி ஊட்டுக்குக் காத்துதான் போவும்" என்று அம்மா முணுமுணுப்பாள். அப்பாவுக்கு வேப்பனப்பள்ளி மாந்தோப்பே கதி, வீட்டில் சித்தப்பா வைத்ததுதான் சட்டம். மோட்டார் விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்று மட்டும் எனக்குத் தெரியும். ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆண்டு விழாவில் பெற்றோர் முன்னால் மேடையேறிப் பேச எங்கள் ஜோடியை டீச்சர் தேர்ந்தெடுத்தார். எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. சித்தப்பாதான் தைரியம் சொன்னார்.

"இங்கிலீஷ்ல நீ என்னா பேசினாலும் கீழ உக்காந்திருக்கறவங்களுக்கு ஒண்ணும் புரியப் போறதில்ல. பயப்படாத பேசு கண்ணு."

அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். ஒத்திகையும் நன்றாகவே போனது. மழை குறைவு, தொட்டி சிறியது என்று இரண்டு காரணம். இரண்டாவது முடிந்ததும் மாதேஸ்வரி தேங்க் யூ சொல்லிவிடுவாள்.

விழாவன்று சித்தப்பா ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு, கம்பெனிச் சட்டையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து செல்போனில் வீடியோ எடுத்தார். பக்கத்து நாற்காலியில் ஊராட்சித் தலைவர்.

"நோ வாட்டர் இன் மை ஹவுஸ். ஒய்?" என்றாள் மாதேஸ்வரி.

"பிகாஸ் ரெயின் இஸ் லெஸ்."

"எனி அதர் ரீசன்?"

"பிகாஸ் டேங்க் இஸ் ஸ்மால்."

கைதட்டினார்கள். உட்காருவதற்குப் பாவாடையைக்கூட ஒதுக்கிவிட்டேன்.

"எனி அதர் ரீசன்?"

மறந்துவிட்டாள் போல என்று கண்ணால் ஜாடை காட்டினேன். அவள் கண்டுகொள்ளவில்லை. "ரெயின் இஸ் வெரி லெஸ்" என்று சொல்லிப் பார்த்தேன். மறுபடியும் அதே கேள்வி, முன்னைவிடச் சத்தமாக. டீச்சர் பக்கம் திரும்பினேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. கைவசம் இருந்த காரணம் இன்னும் ஒன்றே ஒன்று. யாருக்குப் புரியப் போகிறது என்ற தைரியத்தில் தொண்டை கிழியச் சொன்னேன்.

"பிகாஸ் மை ஹவுஸ் மோட்டார்! டைரக்ட் கனெக்‌ஷன் பைப்லைன்! அண்டர் த டிரம்!"

"தேங்க் யூ" என்றாள் மாதேஸ்வரி.

சித்தப்பா ஒன்றை யோசிக்காமல் விட்டுவிட்டார். மோட்டார், டைரக்ட், கனெக்‌ஷன், பைப்லைன், டிரம் எல்லாம் எங்கள் ஊரில் கைநாட்டு வைக்கிறவர்கூடத் தினமும் பேசுகிற சொற்கள். தமிழில் சொல்லியிருந்தால் தெலுங்குக்காரர் ஒருவருக்காவது புரியாமல் போயிருக்கும். "அர்த்தமயிந்தி பாப்பா!" என்று, புரிந்துவிட்டதைத் தெலுங்கில் சொல்லி, பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. பந்தல் முழுக்கக் கொல்லென்று சிரித்தது. எல்லாத் தலைகளும் சித்தப்பா பக்கம் திரும்பின. அந்த வீடியோ இன்னும் எங்களிடம் இருக்கிறது. கடைசிப் பகுதியில் அவருடைய முழங்கால் மட்டும் தெரியும். தலைவர் வேட்டியைச் சரிசெய்யக் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. அவர் வீட்டிலும் ஒரு மோட்டார் ஓடியது.

முதுகுத்தோல் உரியும் என்று பயந்துகொண்டே வீட்டுக்குப் போனேன். "இந்தப் புள்ள இங்கிலீஷ் படிச்சி ஊட்டுக்கே ஷட் டவுன் வெச்சிடுச்சி" என்று சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டதோடு சரி. அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். ஊர் வாய்க்குப் பயந்து மோட்டாரைக் கழற்றினார் சித்தப்பா. அவரைப் பார்த்து, பேர் வெளியே வருவதற்குள் இன்னும் சில வீடுகளில் கழற்றினார்கள். அடுத்த தண்ணீர் நாளன்று மாதேஸ்வரி காலைப் பிரேயருக்கே வந்துவிட்டாள். ஊருக்குப் போகும் பேச்சை அவள் அப்பா அப்புறம் எடுக்கவில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆங்கிலத்தில் பேசினால் குழாயில் தண்ணீர் வருகிறது! அவள்மேல் இருந்த கோபத்தையும் பெரிய மனசு பண்ணி விட்டுவிட்டேன்.

"ஒத்திகையில ஒழுங்கா சொன்னியே, மேடையில ஏன்டி மறந்துட்ட?" என்று கேட்டேன்.

"ஆமா, மறந்துட்டேன்" என்று சிரித்தாள். நானும் நம்பினேன்.

டிரம்முக்குள் உறுமிய சத்தம் தெருக்கோடிவரை கேட்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. குடியிருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் அதைக் கேட்டால் அன்றைக்கே அறையைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்பதும் தெரியாது. அவள் அப்பாவும் அம்மாவும் வாய்விட்டுக் கேட்க முடியாததை, பாடம் என்ற பேரில், ஊரே பார்க்க அவள் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். நானோ எப்போது உட்காரலாம் என்று மட்டும் யோசித்துக்கொண்டு நின்றேன்.