அம்மா விழுங்காத மாத்திரை

முசிறியிலிருந்து மாமா ஓட்டி வந்த பசுவோடு ஒரு கன்றும் வந்தது. செவலைக் கன்று. கண்ணைச் சுற்றியும் காதோரத்திலும் சாம்பல் தடவியதுபோல வட்ட வட்டமாக வெளுத்திருந்தது. அதை அழகு என்றே வீட்டில் எல்லோரும் நினைத்தோம். நான் அப்போது நாலாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் பையை எறிந்துவிட்டுக் கொல்லைக்கு ஓடி, அதன் கழுத்தில் தலையைச் சாய்த்துக்கொள்வேன். ஸ்ரீரங்கத்திலேயே அவ்வளவு சாதுவான கன்று கிடையாது என்று எனக்குப் பெருமை.

கொஞ்ச நாளில் என் தலையில், காதுக்கு மேலே, ஒரு வட்டம் வந்தது. சடை பின்னச் சீவும்போது அந்த இடத்து முடி ஒடிந்து சீப்போடு வந்தது. அடுத்த தெருவில் இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, பார்த்தவுடனே படர்தாமரை என்று சொல்லிவிட்டாள். பூவரசங்காயைக் கீறி அதன் மஞ்சள் பாலைத் தடவினாள். அப்பா கடையில் கேட்டு ஏதோ களிம்பு வாங்கி வந்தார். அது பட்ட இடமெல்லாம் எரிந்து தோல் உரிந்தது. வட்டம் மட்டும் இன்னும் ஒரு சுற்றுப் பெரிதாயிற்று. அதற்குள் அம்மாவின் முன்கையிலும் வட்டங்கள் வந்துவிட்டன. என் தலையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தவள் அவள்தானே.

பங்குனி வெயிலில் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டித் திருச்சிக்குப் போனோம். தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு டாக்டர். அப்பா வாசலில் தெரிந்தவர் யாரையோ பார்த்துப் பேச நின்றுவிட, அம்மாவும் நானும் மட்டும் உள்ளே போனோம். டாக்டர் என் தலையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வீட்டுல மாடு கன்னு இருக்காம்மா?" என்றுதான் முதலில் கேட்டார். கன்றின் அழகு வட்டங்கள் என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. என் தலைக்காக அல்ல, கன்றை ஏதாவது செய்துவிடுவார்களோ என்று.

"தலையில வந்தா மேல தடவுறது மட்டும் போதாது, முடி வேர்ல இருக்கு. புதுசா மாத்திரை வந்திருக்கு, எழுதித் தரேன். வெறும் வயித்துல வேண்டாம். சாப்பாட்டுல நெய் ஊத்தி, அதோட குடுங்க. அப்பதான் உடம்புல சேரும். அரிப்பு நின்னுடுச்சு, முடி முளைச்சிடுச்சுன்னு நீங்களா நிறுத்தக் கூடாது. நான் பார்த்துச் சொல்றேன்."

பிறகு அம்மாவின் கையைப் பார்த்துவிட்டு அவளுக்கும் அதையே எழுத ஆரம்பித்தார். அம்மா குனிந்து மெல்ல ஏதோ சொன்னாள். என் காதில் விழவில்லை. டாக்டர் பேனாவை நிறுத்தி, எழுதியதை அடித்தார். "அப்ப உங்களுக்குக் களிம்புதான். கையைத் துடைச்சுக் காயவிட்டு, வட்டத்தைத் தாண்டியும் கொஞ்சம் தள்ளித் தடவுங்க. நாளாகும். பரவாயில்லை."

எனக்குப் புது மாத்திரை, அம்மாவுக்கு வெறும் களிம்பு. பாலம் தாண்டும்வரை அந்த டாக்டரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

என் தலைமுடியை ஒட்ட வெட்டினார்கள். தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் சமயபுரத்தில் முடி இறக்கினாயா என்று கேட்டார்கள். நானும் ஆமாம் என்று சொல்லி நல்ல பெயர் வாங்கிக்கொண்டேன். என் சீப்பு தனி, துண்டு தனி, தலையணை உறை கொதிக்கும் தண்ணீரில். கன்றைக் கொல்லைக் கோடியில் கட்டி, மாட்டு டாக்டர் கொடுத்த மருந்தை அப்பா பூசினார். எட்ட நின்று அதோடு பேச மட்டும் எனக்கு அனுமதி. தினமும் மத்தியானம் நெய்ச்சோறும் மாத்திரையும்.

எனக்கு அரிப்பு நின்று, வழுக்கை இடத்தில் முள்முள்ளாக முடி எட்டிப் பார்த்தது. அம்மாவுக்கோ சட்டென்று குறையவில்லை. பாத்திரம், துணி என்று கை எந்நேரமும் தண்ணீரில்தானே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அத்தை மகளுக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமானது. அத்தை ஒருநாள் வந்து அம்மாவின் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"குழந்தைக்குத்தான் சரியாயிடுச்சே. மிச்ச மாத்திரையை நீ முழுங்கேன். கல்யாணத்துக்குள்ள கை சுத்தமாயிடும்ல?"

"எனக்குக் களிம்பு போதும்னு டாக்டர் சொன்னாரு அண்ணி."

"ஒரே வியாதிக்கு ரெண்டு மருந்தா? நல்ல டாக்டர்!"

அத்தை சீசாவைத் திறந்து ஒரு மாத்திரையை அம்மாவின் உள்ளங்கையில் வைத்து, டம்ளரில் தண்ணீரும் கொண்டு வந்து எதிரில் நின்றாள். அப்பாவும், "அக்கா இவ்வளவு சொல்றாங்கல்ல, போட்டுக்கோயேன்" என்றார். அம்மா மாத்திரையைச் சீசாவிலேயே போட்டு மூடினாள்.

"இது அவளுக்குக் குடுத்தது அண்ணி."

அவ்வளவுதான் சொன்னாள். அவள் அத்தையை மறுத்துப் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அத்தையின் முகம் சிவந்துவிட்டது. "அப்படின்னா என் பொண்ணு கல்யாணத்துல நீ கரண்டி புடிக்க வராதே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சொன்னபடியே செய்தாள். சத்திரத்தில் சந்தனம் கொடுக்கவோ பந்தியில் பரிமாறவோ அம்மாவைக் கூப்பிடவில்லை. தேங்காயும் வாழைத்தாரும் அடுக்கியிருந்த சாமான் அறையில், ஒரு பாயில், விசிறியோடு அம்மா உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் எங்கே உங்கம்மா என்று கேட்கும்போதெல்லாம் காதில் விழாததுபோல நகர்ந்துவிட்டேன்.

கல்யாண அமளியில் மறந்துவிடக் கூடாதென்று, அன்றைய மாத்திரையை அம்மா காலையிலேயே என் கைக்குட்டையில் முடிந்து கொடுத்திருந்தாள். முதல் பந்தி போட்டதும் நான் அந்த அறைக்கு ஓடிக் கதவைச் சாத்தினேன். முடிச்சை அவிழ்த்து அவளிடம் நீட்டினேன்.

"நீ போட்டுக்கம்மா. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். கை சரியானதும் நீ பந்திக்கு வந்துடலாம்."

அம்மா சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. எழுந்து போய்ச் சமையல்காரரிடம் ஒரு இலையில் சோறும் நெய்யும் வாங்கி வந்து, பிசைந்து, முதல் கவளத்தை எனக்கு ஊட்டிவிட்டு மாத்திரையை என் வாயில் போட்டாள்.

"எனக்கு மெதுவா சரியாகும். அவசரமில்லை."

ஆடிக்குள் அவள் கை சுத்தமாயிற்று. டாக்டர் போதும் என்று சொன்ன பிறகுதான் என் மாத்திரையும் நின்றது. கார்த்திகையில் தம்பி பிறந்தான். அவனை மடியிலிருந்து இறக்கவே விடாதவள் அத்தைதான்.

எனக்குப் பிறகு இரண்டு தரம் அம்மாவுக்கு வயிற்றில் தங்காமலே போயிருக்கிறது. அதனால் இந்தத் தடவை மாதம் கொஞ்சம் தாண்டட்டும் என்று அப்பாவிடம்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறாள். டாக்டர் ஒருவரிடம்தான் சொன்னாள். புது மாத்திரை வயிற்றுப் பிள்ளையை என்ன செய்யுமோ என்றுதான் அவர் எழுதியதை அடித்துவிட்டார். எனக்கே கல்யாணமாகி, ஒரு தலைவலி மாத்திரைக்காக நான் கை நீட்டியபோது, நாள் தள்ளியிருக்கிறதா என்று கேட்டுவிட்டு அம்மா இதைச் சொன்னாள்.

சத்திரத்தில் மேளம் கொட்டிக்கொண்டிருந்த அந்த மத்தியானம் எனக்கு இதெல்லாம் தெரியாது. ஊரே பந்தியில் உட்கார்ந்திருக்க, என் அம்மா மட்டும் அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.