சூரன் போருக்கு நான் சைக்கிள் உழக்கியது

இதை எழுதுவதா விடுவதா என்று நான் பல வருடங்கள் யோசித்திருக்கிறேன். கொப்பியை எடுத்து முதல் வரியை எழுதிவிட்டு, விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது என்று மூடி வைத்த நாட்கள் எத்தனையோ. விளக்கு ஒரு சாட்டுத்தான். முருகனுடைய காரியத்தில், தெரியாத ஒன்றைத் தெரிந்தது போல ஐயரிடம் சொல்லிவிட்டேன். அந்த ஒரு பொய்யைச் சொல்லாமல் மிச்சக் கதையைச் சொல்ல முடியாது. அதுதான் கை பின்னுக்கு இழுத்தது. நான் எட்டாம் வகுப்போடு தோட்டத்துக்குப் போனவன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் புத்தூர்ப் பக்கம். வெங்காயமும் புகையிலையும் எங்கள் சீவியம். ஊரில் சின்னதாக ஒரு கந்தசாமி கோயில் இருக்கிறது. அங்கே கந்தசட்டியின் ஆறாம் நாள், சூரன் போர் நடக்கும் நாள், எங்கள் வீட்டு உபயம். அன்றைய அபிஷேகம், மாலை, மேளம், மறுநாள் விரதகாரருக்குப் பாறணைச் சாப்பாடு எல்லாம் எங்கள் பொறுப்பு. என் தகப்பனார் காலத்தில் ஒரு வருடமும் குறை வந்ததில்லை. என் கையிலும் குறை வரக்கூடாது என்பதுதான் வருடம் முழுவதும் என் வேண்டுதல்.

சண்டையால் ஊரில் கறன்ட் போய் மூன்று வருடமாகியிருந்தது. பற்றறி கண்ணாலும் காணக் கிடைக்காது. எல்லா வீட்டையும் போல நாங்களும் சைக்கிளை ஸ்டான்டில் நிறுத்தி, பின்சில்லு டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோவுக்குக் கொடுத்திருந்தோம். ஒருவர் ஏறியிருந்து உழக்க, மற்றவர்கள் செய்தி கேட்பார்கள். உழக்குகிறவருக்குச் செய்தி பாதிதான் விளங்கும்.

அந்த றேடியோவில் கசெற்றும் போடலாம். எங்களிடம் இருந்த ஒரே கசெற் என் மனைவியின் தம்பி ஜேர்மனியிலிருந்து அனுப்பியது. கொழும்பு போய் வந்த ஒருவரின் உடுப்புப் பைக்குள் இருந்து வந்து சேர்ந்தது. அதில் அவன் தமக்கையோடு கதைத்திருந்தான். குளிரைப் பற்றி, உருளைக்கிழங்கைப் பற்றி, தான் கோப்பை கழுவுகிற சாப்பாட்டுக் கடையைப் பற்றி. பத்து நிமிடம் கதைத்துவிட்டு, "அக்கா, இனி..." என்றான். அதோடு குரல் நின்றுவிட்டது. டக்கென்று ஒரு சத்தம். அதன் பிறகு வந்தது அந்த இசை.

பாட்டு இல்லை, சொல் இல்லை. ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் இருந்து வாசிப்பது போல இருந்தது. முதலில் வயலின்கள், ஒன்றிரண்டல்ல, காற்றுக்குச் சாய்கிற பயிர் மாதிரி எல்லாம் ஒன்றாக. பிறகு எக்காளம் போல பித்தளைக் குழல்கள். அடியில் பெரிய மேளம் ஒன்று தூரத்தில் வருவது போல வந்து கிட்ட வரும். முடியப் போகிறது என்று நினைக்கிற இடத்தில் முடியாது. திரும்ப முதலிலிருந்து தொடங்கும். ஆனால் முதல் கேட்டது போல இராது, ஒரு படி ஏறி நிற்பது போல இருக்கும். நான் தேவாரமும் மேளமும் தவிர வேறு சங்கீதம் அறியாதவன். எனக்கே நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. மனைவி முதல் தரம் கேட்டபோது அழுதாள். இரண்டாம் தரம் சிரித்தாள். மூன்றாம் தரம் இரண்டையும் செய்தாள்.

இன்னொரு விசேஷம், அந்த இசை உழக்குகிறவரைப் பொறுத்தது. மனைவி ஏறினால் மெதுவாக உழக்குவாள், இசை பிள்ளைக்குத் தாலாட்டுவது போலப் போகும். நான் ஏறினால் சாமி வீதியுலா வருகிற வேகம். எது சரியான வேகம் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. அவரவர் வேகமே சரி என்று சண்டை பிடிப்போம். சத்தம் காணாது, இன்னும் வேணும் என்று மனைவி நெல் அவிக்கிற கிடாரத்தைச் சரித்து வைத்து அதற்குள் றேடியோவை வைப்பாள். அப்போது கிணற்றுக் கட்டு வரைக்கும் கேட்கும்.

அந்த வருடக் கந்தசட்டியில் ஐந்தாம் நாள் காலையில் மேளகாரர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. அவர்கள் அண்ணன் தம்பி நாலு பேரும் ஒரே குழு. பெரியப்பா ஒருவர் தவறிவிட்டார். நாலு பேருக்கும் துடக்கு, சாவுத் தீட்டு. துடக்கோடு கோயிலில் வாசிக்க முடியாது. இதில் ஆரைக் குறை சொல்வது?

நான் சைக்கிளை எடுத்தேன். விரதம், வயிற்றில் பாலும் ஒரு வாழைப்பழமும்தான். அரியாலைக்குப் போனேன். அங்கிருந்து கொழும்புத்துறைக்குப் போனேன். போன இடமெல்லாம் ஒரே பதில். சூரன் போர் எல்லா முருகன் கோயிலிலும் ஒரே நாள், ஒரே நேரம். வருடத்தில் மற்ற எந்த நாளிலும் மேளம் பிடிக்கலாம், அன்றைக்கு மட்டும் முடியாது. இது தெரிந்தும் போனேன். போகாமல் இருக்க மனம் விடவில்லை. திரும்பி வந்து கோயில் வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு இருந்தபோது, சூரன் உருவத்தைத் தூக்குகிறவர்களில், முன்பக்கத் தண்டுக்குத் தோள் கொடுக்கிற முன்கொம்புக்காரர் வந்தார். எனக்கு மச்சான் முறை. ஆள் நல்ல உயரம், வாயும் அதற்கேற்ற நீளம்.

"மேளம் இல்லாட்டில் என்னெண்டு மச்சான் சூரனை ஆட்டுறது? சும்மா தோளிலை காவிக்கொண்டு ஓடினால் கட்டில் காவுற மாதிரியெல்லே இருக்கும்" என்றார்.

அவர் பகிடிக்குச் சொன்னார். எனக்கு அன்றிரவு சோறு இருந்திருந்தாலும் இறங்கியிராது. தகப்பன் காத்த உபயம் என் கையில் ஊமையாகப் போகப் போகிறதே என்று சாமியறையில் போய் இருந்துவிட்டேன். மனைவி கதவடியில் வந்து நின்றாள்.

"இஞ்சாருங்கோ, சொன்னால் கோவிக்க மாட்டியளே? தம்பியின்ரை கசெற் இருக்கு."

"உது என்ன பாட்டெண்டே தெரியாது. கோயிலிலை போடலாமோ?"

"கேட்டால் கும்பிட வேணும் போலை இருக்கு. அது காணாதோ?"

அவள் அதைச் சொன்னது லேசான காரியமில்லை. அந்த நாடா சிக்கினால் தம்பியின் குரல் போய்விடும். வேறு பிரதி கிடையாது. நான் அதை எடுத்துச் சொன்னேன். பொத்தானில் தன் விரல்தான் இருக்கும், வேறு ஒருவரும் தொடக்கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டாள். அவ்வளவுதான்.

காலையில் ஐயரிடம் போனேன். என்னோடு ஒரே வாங்கில் படித்தவர்தான். ஆனாலும் கோயிலுக்குள் நின்றால் அவர் ஐயர், நான் உபயகாரன். விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார். அது சாமிப் பாட்டோ என்று.

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் வாய், "ஓம் ஐயா, ஜேர்மனியிலை அங்கத்தைச் சாமிப் பாட்டுத்தான்" என்றது.

அவர் தலையாட்டினார். நான் வெளியே வந்து விபூதியை இன்னொரு தரம் அள்ளிப் பூசிக்கொண்டேன்.

பின்னேரம் சனம் வந்தது. வீதியில் ஒரு பக்கம் சூரன், யானைத்தலையும் சிங்கத்தலையும் மாற்றுவதற்கு ஆயத்தமாய். மறுபக்கம் வேலோடு சுவாமி. மறுநாள் பாறணைக்குக் கழுவி வைத்திருந்த பெரிய கிடாரத்தை வீதியைப் பார்க்கச் சரித்தோம். உள்ளே றேடியோ. பக்கத்தில் என் சைக்கிள், ஸ்டான்டில். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன். மனைவி கிடாரத்தடியில் குந்தியிருந்தாள். ஊர் முழுக்க என்னைப் பார்த்தது. முருகனும் பார்த்திருப்பார்.

உழக்கினேன். மனைவி பொத்தானை அமத்தினாள். பதற்றத்தில் நாடாவைக் கொஞ்சம் அதிகமாகப் பின்னுக்குத் திருப்பிவிட்டாள் போல. கிடாரத்துக்குள்ளிருந்து அவளுடைய தம்பி கோயில் வீதி முழுக்கக் கேட்கப் பேசினான்.

"அக்கா, இஞ்சை எந்த நாளும் உருளைக்கிழங்குதான்."

முன்கொம்புக்காரர் சூரனைத் தோளில் வைத்தபடி, "எங்களுக்கு அதுவும் இல்லையடா தம்பி, வந்து பார்" என்றார். சனம் கொல்லென்று சிரித்தது. ஐயரும் வேலைப் பிடித்தபடி சிரித்தார். மனைவி முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டாள், விரலை மட்டும் எடுக்கவில்லை. அவன் "அக்கா, இனி..." என்று நிறுத்தினான். வயலின்கள் வந்தன.

சத்தம் பெரிதில்லை. அதனால்தானோ என்னவோ, அத்தனை சனமும் மூச்சுக் காட்டாமல் நின்றது. பிள்ளைகளும் அழவில்லை. என் சைக்கிள் சங்கிலியின் கிரீச்சும் அந்த இசையும்தான். சூரனைத் தூக்கியவர்கள் முதலில் என்ன செய்வது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பெரிய மேளம் கிட்ட வர, முன்கொம்புக்காரரின் கால் தானாக எழும்பியது. பிறகு அவர்களை ஒருவரும் பிடிக்க முடியவில்லை. பித்தளைக் குழல் ஏறும்போது சூரன் பாய்ந்து வந்தான். இறங்கும்போது பின்னுக்குப் போனான். அதைப் பார்க்க எனக்கும் வேகம் பிடித்தது. நான் வேகமாக உழக்க, இசை வேகமாகியது. இசை வேகமாக, சூரன் துள்ளினான். சூரன் துள்ள நான் இன்னும் உழக்கினேன். ஆறு நாள் விரதம் இருந்த கால் என்று சொன்னால் இன்றைக்கும் என் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். யானைத்தலை போனது, சிங்கத்தலை போனது. இசை முடிகிற மாதிரி வந்து முடியாமல் திரும்பத் தொடங்கியது. எங்களுக்கு அது வசதியாக இருந்தது. போர் முடியும் மட்டும் அது காத்து நிற்பது போல இருந்தது.

கடைசியில் சூரன் மாமரமாய் நின்றான். வேல் புறப்பட்டது. அந்த நேரம் பார்த்து என் கால் விட்டுவிட்டது. கண் இருண்டது. சில்லு தளர்ந்தது. அதோடு இசையும் தளர்ந்து, தடித்து, கீழே கீழே இறங்கி, பெரிய மிருகம் ஒன்று படுத்து மூச்சு விடுவது போல அடங்கியது. அது அடங்கவும் மரம் பிளக்கவும் சரியாக இருந்தது. சேவலைப் பறக்க விட்டார்கள். ஊர் முழுக்க "அரோகரா" என்றது. என்னைச் சைக்கிளிலிருந்து இரண்டு பேர் தூக்கி இறக்கி இளநீர் பருக்கினார்கள். மனைவி கசெற்றை எடுத்துப் பார்த்தாள். நாடா சுகமாக இருந்தது. அதைத் தலைப்பில் முடிந்துகொண்டுதான் சுவாமி கும்பிடப் போனாள்.

ஊரெல்லாம் அதே கதை. உபயம் குறையில்லாமல் முடிந்தது. எனக்கும் சந்தோசம்தான், ஆனால் ஐயரைக் காணும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்தேன்.

அது என்ன பிரார்த்தனைப் பாட்டு என்று கேட்டு மனைவி தம்பிக்கு எழுதியிருந்தாள். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. அவள் வாசித்துக்கொண்டு வந்தவள் நடுவில் நின்றாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். நிலத்தில் இருந்து சிரித்தாள். நான் கடிதத்தை வாங்கிப் படித்தேன். அது பிரார்த்தனையும் இல்லை, ஒன்றும் இல்லை. ரீவியில் பூட்டி விளையாடுகிற வீடியோ விளையாட்டு ஒன்றுக்குச் செய்த இசை. வாள் வைத்திருக்கிற ஒருவன் அரக்கனுடைய கோட்டைக்குப் போகும்போது வருவது. விளையாடுகிறவன் வெல்ல எவ்வளவு நேரம் எடுப்பான் என்று தெரியாததால், அவன் வெல்லும் வரைக்கும் இசை திரும்பத் திரும்ப வரும். அதைப் பிறகு பெரிய வாத்தியக் குழு ஒன்று வாசித்துக் கசெற்றாக வந்ததாம். அவனோடு கோப்பை கழுவுகிற ஜப்பான்காரன் ஒருவன் சமையலறையில் போடுவானாம். கடைசியில் இப்படி எழுதியிருந்தான்:

"வந்த புதுசிலை அதைக் கேட்டுத்தான் அக்கா நான் அழுதனான். ஏனெண்டு தெரியாது. கேட்டு முடிய வேலை செய்யலாம் போலை இருக்கும். அவனிட்டை வாங்கி அதுக்கு மேலைதான் என்ரை குரலைப் பதிஞ்சன். இனிக் கதைச்சால் அழுதிடுவன் எண்டு நிப்பாட்டினன். மிச்சத்தை அது சொல்லட்டும் எண்டு அழிக்காமல் விட்டனான்."

மனைவியின் சிரிப்பு அந்த இடத்தில் நின்றிருந்தது. அவள் கடிதத்தைத் திரும்ப வாங்கி, அந்த நாலு வரியை மட்டும் இன்னொரு தரம் வாசித்தாள்.

எனக்கோ ஐயரின் ஞாபகம்தான் வந்தது. முருகனுக்கு முன்னால் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானை வைத்து, அதையும் சாமிப் பாட்டு என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஐயரிடம் போய்க் கடிதத்தைக் கொடுத்தேன். அன்றைக்குத் தெரியாமல்தான் ஓம் என்றேன், என்ன பிராயச்சித்தம் சொன்னாலும் செய்கிறேன் என்றேன். அவர் அவசரப்படாமல் ஆறுதலாகப் படித்தார்.

"அந்த வாள்காரன் செத்தால்?" என்று கேட்டார்.

"திரும்ப எழும்பி முதலிலை இருந்து வருவானாம் ஐயா."

"அரக்கன்?"

"அவனும்தானாம்."

"எங்கடை சூரனும் வருஷா வருஷம் எழும்பித்தானே வாறான்" என்றார். பிறகு சொன்னார். "பாட்டைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. நானும் அண்டைக்கு வேலைப் பிடிச்சபடி அதைத்தான் கேட்டுக்கொண்டு நிண்டனான். ஆனால் நீர் தெரியாததைத் தெரியும் எண்டு சொன்னது பிழை. இனி அப்பிடிச் சொல்லாதையும். உதுதான் பிராயச்சித்தம்."

விபூதி தந்தார். நான் வீடு வரும்வரைக்கும் பாரம் இறங்கின வண்டில் மாதிரி வந்தேன்.

அடுத்த வருடம் மேளகாரர் நாலு பேரும் வந்து அருமையாக வாசித்தார்கள். வாசித்து முடிய முன்கொம்புக்காரர் என் காதடியில் வந்து, "எல்லாம் சரி மச்சான், உந்தக் கிடாரத்தை ஒருக்கால் சரிக்கக் கூடாதோ?" என்று கேட்டார்.

இப்போது இதை எழுதக் காரணம், கதை வளரத் தொடங்கிவிட்டது. வயரே இல்லாமல் றேடியோ பாடியதாம். கிடாரத்திலிருந்து வெளிச்சம் வந்ததாம். போன மாதம் ஒருவர் எனக்கே சொன்னார், அது நான் என்று தெரியாமல். வயர் இருந்தது. நான் உழக்கினேன். என் கால் சோர்ந்தபடியால் இசை அடங்கியது. தம்பி உருளைக்கிழங்கைப் பற்றிக் கதைத்ததும் உண்மை. அது வீடியோ விளையாட்டு இசை என்பதும் உண்மை, அதைக் கேட்டு ஊர் மூச்சுக் காட்டாமல் நின்றதும் உண்மை. நான் ஒரு சொல்லைக் கூட்டிச் சொல்லி நாலு மாதம் ஐயரின் முகம் பார்க்காமல் திரிந்தவன். ஆகவே இதை வாசிக்கிறவர்கள் பிள்ளைகளுக்கோ அயலுக்கோ சொல்லுங்கள், கட்டாயம் சொல்லுங்கள். உருளைக்கிழங்கையும் என் பொய்யையும் விடாமல், உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். முருகனுக்கு அது காணும்.