மீனாட்சி அக்கா சாப்பிடாத பழம்

கிளேபாங்கிலிருந்து மீனாட்சி அக்காவின் மகள் செல்வி போன் செய்தபோது அடுப்பில் பால் இருந்தது. "அம்மா போயிட்டாங்க சின்னம்மா. காலையில காப்பி குடிச்சிட்டு நாற்காலியில சாஞ்சவங்கதான்" என்றாள். பாலை இறக்கிவிட்டு நான் கேட்ட முதல் கேள்வி, "அடுப்படிக் கதவு தொறந்திருந்துச்சா?" என்பதுதான். திறந்துதான் இருந்தது என்றாள். அதற்குப் பிறகே எனக்கு அழுகை வந்தது.

மீனாட்சி அக்காவின் கைச்சோற்றைக் கோயில் அன்னதானத்தில் சாப்பிட்டவர்கள் ஏராளம். அடைமழையிலும் சமையலறைக் கதவைச் சாத்தவிடாத அவருடைய பிடிவாதத்தைப் பார்த்துக் கேலி செய்தவர்களும் ஏராளம். கேலி செய்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

மலாக்காவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் நாங்கள் இருவரும் காஜா பேராங்கில் ஒரு பங்களாவில் வேலை செய்தோம். வீட்டுக்காரர் தப்பியோடிவிட, ஜப்பானிய அதிகாரி ஒருவர் அங்கே குடியேறியிருந்தார். அக்கா சமைப்பார், நான் அரைத்துக் கொடுத்துப் பாத்திரம் துலக்குவேன். அரிசி வெளியே போய்விடுமாம். அதனால் காலையில் எங்களை உள்ளே விட்டுச் சிப்பாய் வெளியே பூட்டிவிடுவான். ஜன்னலுக்கும் கம்பி. சாயங்காலம் கதவு திறந்ததும் வாயை ஊதிக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். எதையாவது தின்றோமா என்று மோந்து பார்ப்பான். எத்தனை வயதாகியும் அந்த அவமானம் எனக்கு ஆறவில்லை.

விட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று இப்போது யாரும் கேட்கலாம். அக்காவின் கணவர் ரத்தினம் அண்ணனைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகாமல் காத்தது, அந்த அதிகாரி கொடுத்த சீட்டு ஒன்றுதான். எங்கள் வீட்டு வரிசையில் லாரி ஏறிய ஆண்களில் ஒருவரும் அதுவரை திரும்பவில்லை. அக்காவின் சமையல் பிடிக்கும்வரை சீட்டு செல்லும். "எனக்கு இங்க பூட்டு, அவருக்கு அங்க சீட்டு. ரெண்டுக்கும் சாவி ஒருத்தன்கிட்டடி பாக்கியம்" என்பார் அக்கா.

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. பச்சையாக எதுவும் மேசைக்குப் போகக்கூடாது. ஊரெல்லாம் வயிற்றுப்போக்கு பரவியிருந்த நேரம். முன்பிருந்த சமையல்காரர் வெள்ளரிக்காயை நறுக்கி வைத்ததற்காக அறை வாங்கி வெளியேறினார். கொஞ்ச நாளில் அவரையும் லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

ஒருநாள் சிப்பாய் ஒரு மரப்பெட்டியை உள்ளே வைத்துவிட்டு, வழக்கம்போல் ஒன்றும் சொல்லாமல் பூட்டிக்கொண்டு போனான். வைக்கோலுக்கு நடுவில் மஞ்சளும் சிவப்புமாகப் பழங்கள். பீச் பழத்தை இன்று எல்லாருக்கும் தெரியும். அன்று எங்களுக்கு அது காயா பழமா என்பதே தெரியாது. மேலெல்லாம் பூஞ்சுணை.

"இந்தச் சுணை தொண்டையில மாட்டி அதிகாரி இருமினாருன்னா, வெசம் வெச்சேன்னு சொல்லிடுவாங்க" என்றார் அக்கா. கொதிநீரில் போட்டுத் தோலை உரித்தார். உரிக்க உரிக்க அடுப்படி முழுக்க வாசனை. எனக்கு எச்சில் ஊறியது.

"ஒரே ஒரு துண்டுக்கா."

"மோந்து பாப்பான்டி! கிட்ட வராத."

மாங்காய்ப் பச்சடிக்குச் செய்வதுபோல மலாக்கா வெல்லமும் இஞ்சியும் போட்டு, கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்து, பெட்டியிலிருந்த அத்தனையையும் வேகவைத்தார். வாயில் வைத்துப் பார்க்கவில்லை. "படையலுக்குச் செய்யறப்போ ருசி பாக்கறோமா? சாமிதான் ஆள் மாறிப்போச்சு" என்று சிரித்தார்.

மாலையில் அதிகாரியே அடுப்படிக்கு வந்தார். காலிப் பெட்டியைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கிலேயே தெரிந்துவிட்டது, அவை அவருடைய ஊரிலிருந்து வந்தவை, அப்படியே கடித்துத் தின்ன வேண்டியவை என்று. "சூடா மாசாக், துவான்" என்றார் அக்கா. சமைத்தாகிவிட்டது ஐயா என்று மலாயில் சொன்னார். அதிகாரி கையை ஓங்கினார். அக்கா நகரவில்லை. "பச்சையாக எதுவும் கூடாதென்பது துவானின் உத்தரவு" என்று அதே மலாயில் மெதுவாகச் சொன்னார்.

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. பின்னால் சிப்பாய் பார்த்துக்கொண்டிருந்தான். உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தவளை எப்படி அடிப்பது? அதிகாரி நின்றபடியே கிண்ணத்தை வாங்கிச் சாப்பிட்டார். வழித்துச் சாப்பிட்டார். வைத்துவிட்டு, "நாளையும்" என்றார்.

நாளைக்குப் பழத்துக்கு எங்கே போவது? மறுநாள் அக்கா செங்காய்ப் பப்பாளியில் அதையே செய்தார். அதிகாரி ஒரு வாய் வைத்து அக்காவைப் பார்த்தார். தெரிந்தேதான் மிச்சத்தையும் சாப்பிட்டார். பிறகு ஜப்பான்காரன் தோற்றுப் போகும்வரை தினமும் அதுதான். "கிண்ணம் காலியா திரும்பி வர்ற வரைக்கும் உங்கண்ணன் வீட்ல இருப்பாரு" என்று சொல்லிக்கொண்டே அக்கா கடுகு தாளிப்பார். அண்ணன் வீட்டில்தான் இருந்தார். நரைத்து, பேரன் பேத்தி எடுத்து, அக்காவின் மடியில்தான் கண்ணை மூடினார்.

சண்டை முடிந்தபின் அக்கா அந்தப் பச்சடியைச் செய்ததே இல்லை. சில வருடங்களுக்கு முன் சூப்பர்மார்க்கெட்டில் பீச் பழங்களைக் காட்டினேன். ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் சுணையைத் தடவிவிட்டுத் திரும்ப வைத்தார். "வேணாம்டி. நல்லா இருந்துச்சுன்னா, அன்னிக்கு எத விட்டோம்னு தெரிஞ்சிடும்."

நேற்று கருமாதி. படையல் இலையில் அவருக்குப் பிடித்த எல்லாமே இருந்தன. நான் ஒரு பீச் பழத்தைக் கழுவி எடுத்துப் போயிருந்தேன். "நறுக்கி வெக்கட்டுமா சின்னம்மா?" என்றாள் செல்வி. முழுசாகவே வைக்கச் சொன்னேன். திறந்திருந்த அடுப்படிக் கதவு வழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது.

அக்கா, பச்சையாகவே கடித்துச் சாப்பிடுங்கள். யாருக்கும் வாயை ஊதிக் காட்ட வேண்டியதில்லை.