சிவப்பு டப்பாவும் மஞ்சள் டப்பாவும்

1. முதல் நாள்

டாக்டரம்மா இருந்தார். மெட்ராஸ்காரர். ரத்தம் பார்க்கும் லேப் அய்யா இருந்தார். ஜீப் டிரைவர் இருந்தார். நான் இருந்தேன். எதிரே ஊர்ப் பெண்கள் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள்.

சூளகிரிக்கு உள்ளே தள்ளி ஒரு ஊர். ஐம்பதுகளில் அங்கே ராகிக் காடும் புளியமரமும்தான். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சோகை எவ்வளவு என்று அளக்கப் போனோம். நான் படித்தது மூன்றாவது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுவேன். அதனால் ஆயா வேலை கிடைத்தது. டியூப் கழுவ வேண்டும், மாத்திரை கொடுக்க வேண்டும்.

லேப் அய்யா விரலில் குத்தி, கண்ணாடிக் குழாயில் கோடு வரைக்கும் ரத்தம் உறிஞ்சுவார். ஆசிட் இருக்கிற டியூபில் விடுவார். அது காப்பி நிறமாகும். பக்கத்தில் இருக்கும் பழுப்புக் கண்ணாடித் துண்டின் நிறம் வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நம்பர் சொல்லுவார். பதினொன்று, பன்னிரண்டு வந்தால் நல்ல உடம்பு.

நாகம்மா என்று ஒருத்தி. வாய்க்காரி.

"ரத்தமே இல்லேங்கற. இருக்கறதயும் உறிஞ்சறயே சாமி?"

"ஒரு சொட்டுதாம்மா."

"உனக்கு சொட்டு. நாங்க களி தின்னு சேத்தது."

வரிசை முழுக்கச் சிரித்தது. லேப் அய்யாவும் சிரித்தார்.

டாக்டரம்மா ஒவ்வொருத்தியிடமும் "முழுகாம இருக்கியா?" என்று கேட்டார். ஆமாம் என்றவர்களுக்கு இரும்பு மாத்திரை தனியாகக் கொடுத்தார். மற்றவர்களைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்தார். பாதிப் பேருக்குச் சிவப்பு டப்பா. பாதிப் பேருக்கு மஞ்சள் டப்பா. ஒன்றில் இரும்பு. இன்னொன்றில் வெறும் மாவு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். எது எது என்று மெட்ராஸில் இருந்த பெரிய டாக்டருக்குத்தான் தெரியும்.

மாதம்மாவுக்கு ஆறரை வந்தது. நாக்கும் நகமும் சுண்ணாம்பு மாதிரி. முழுகாமல் இருக்கிறாயா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையாட்டினாள். பின்னால் மாமியார் நின்றாள். மாதம்மாவுக்கு மஞ்சள் டப்பா விழுந்தது.

கிளம்பும்போது டாக்டரம்மா எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். "வெளிக்குக் கருப்பாப் போனா பயப்படாதீங்க. மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

2. இரண்டாவது வாரம்

வாரம் ஒரு முறை நான் போய் ஏழு நாளுக்கான மாத்திரையை அந்தந்த டப்பாவிலிருந்து எடுத்துப் பொட்டலமாகக் கொடுப்பேன். அந்த வாரம் பெண்கள் என்னைப் பார்த்ததும் சிரித்தார்கள். காலையில் ஏரிக்கரைப் பக்கம் எல்லோரும் சேர்ந்துதான் போவார்கள். பார்த்திருக்கிறார்கள். பேசியிருக்கிறார்கள்.

"செவப்புக்காரிங்களுக்கு மட்டும் கருப்பாப் போவுது. மஞ்சக்காரி ஒருத்திக்கும் இல்ல" என்றாள் நாகம்மா. அவள் சிவப்பு. "இந்த மாதம்மாவுக்கு செவப்புல குடு."

"மாத்தக் கூடாதுக்கா."

"அவ ரொம்ப சோகைடி."

"டாக்டரம்மாகிட்டக் கேட்டு வரேன்."

கேட்டேன். "சோகை எல்லாருக்கும்தான். ஒருத்திக்கு மாத்தினா அளந்தது அத்தனையும் கெட்டுடும்" என்றார். அடுத்த வாரம் போய் அதையே சொன்னேன்.

"சரி போ. உன் டப்பா உங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள் நாகம்மா.

3. மூன்று மாதம் கழித்து

மறுபடி ரத்தம் பார்த்தோம். மஞ்சள்காரர்கள் யாருக்கும் ஏறவில்லை. மாதம்மாவுக்கு மட்டும் ஒன்பதரை. லேப் அய்யா இன்னொரு விரலில் குத்திப் பார்த்தார். அதே ஒன்பதரை. என் பக்கம் திரும்பினார்.

"டியூப் கழுவற லட்சணமா இது? பழைய ரத்தம் ஒட்டியிருக்கு. நாளைலேருந்து நீ வேலைக்கு வராதே."

நான் டியூபை வாங்கிக் கழுவப் போனேன்.

"அந்தப் பொண்ண ஏன் வையற?" என்று நாகம்மா எழுந்தாள். "நாங்க குடுத்தோம். செவப்புக்காரிங்கள்ல ஏழு பேரு. வாரத்துல ஆளுக்கு ஒரு நாள் மாத்திரைய அவளுக்குக் குடுத்துட்டு, அவளோடத நாங்க முழுங்கினோம்."

டாக்டரம்மா அப்போதுதான் மாதம்மாவின் வயிற்றைச் சரியாகப் பார்த்தார். ஐந்து மாதம் இருக்கும்.

"அன்னிக்குக் கேட்டேனே, ஏன் சொல்லல?"

மாதம்மா தரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "ரெண்டு தடவ நாள் தள்ளினதுமே சொன்னேங்க. ரெண்டும் தங்கல. மாமி பேசின பேச்சு எனக்குத்தான் தெரியும். இந்த வாட்டி வயிறு தெரியற வரைக்கும் சொல்லல. இவங்களாக் கண்டுக்கிட்டாங்க."

லேப் அய்யா நோட்டை மூடினார். "இந்த ஊர் வேலை பூரா வீணாப்போச்சுங்க மேடம்."

"கூட்டத்துல நிக்க வச்சுக் கேட்டா எவ சொல்லுவா? நான் கேட்டதுதான் தப்பு" என்றார் டாக்டரம்மா. அந்த ஊரை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடும்படி மெட்ராஸுக்கு எழுதினார். பதில் வந்ததும் ஊர் முழுக்க இரும்பு மாத்திரையே கொடுத்தோம்.

லேப் அய்யா எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். வேலையைப் பற்றி மறுபடி பேசவில்லை.

அதன் பிறகு போன ஊர்களில் அந்தக் கேள்வியைக் கேட்பது என் வேலை ஆயிற்று. ஜீப்புக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு, அவரவர் பாஷையில் கேட்பேன். மாமியார் வந்தால் டிரைவர் பேச்சுக் கொடுத்து நிறுத்துவார். இந்த வேலைக்கு வருகிறவர்கள் இதை முதலில் கற்றுக்கொள்ளட்டும். அளப்பதற்கு முன்னால் தனியாகக் கேட்க வேண்டும்.

4. அடுத்த வருஷம்

குழந்தைகளுக்கு ரத்தம் பார்க்க அதே ஊருக்குப் போனோம். மாதம்மா பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். மாமியார் குடை பிடித்தாள். லேப் அய்யா குழந்தையின் காலைப் பிடித்தார்.

"பாத்துக் குத்து சாமி. ஏழு பேரு பங்கு அது" என்றாள் நாகம்மா.

குழந்தை வீறிட்டது. லேப் அய்யா சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார். டியூபை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

பதினொன்றரை.