இஸ்திரி போடும் குரங்கு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து, ஏனத்தையெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, பாலம்மாள் இஸ்திரிப்பெட்டியில் கரி போடுவாள். சிரட்டைக் கரி. விசிறிக் கனியவைத்து, சாம்பலை ஊதித் தள்ளி, பெஞ்சின் மேல் பழைய ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு, புருஷனுடைய வெள்ளைச் சட்டைகளைத் தேய்க்க ஆரம்பிப்பாள். வாரத்துக்கு வேண்டிய அத்தனையும் அன்றைக்கே முடிய வேண்டும். ரதவீதியில் பேன்ஸி ஸ்டோர் வைத்திருக்கிறவர் கசங்கிய சட்டையோடு உட்கார்ந்திருந்தால், வருகிற பெண்கள் வளையலைப் பார்க்கமாட்டார்கள், காலரைத்தான் பார்ப்பார்கள் என்பது அவள் கட்சி.

அதே அறையில் சுவரோரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் புருஷன் சௌந்தரபாண்டியன் பொம்மை துடைப்பார்.

எல்லாம் சாவி கொடுக்கும் தகரப் பொம்மைகள். சனிக்கிழமை கடை அடைக்கும்போது பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவார். வேட்டிக் கிழிசலால் துடைத்து, தையல் மிஷின் எண்ணெயில் ஒரு சொட்டு விட்டு, ஒவ்வொன்றையும் ஒரு தடவை ஓடவிடுவார். ஓடாமல் கிடந்தால் உள்ளே இருக்கும் வில் இறுகிப்போகும் என்று அவருக்குக் கவலை. வாத்து தத்தித் தத்திப் போகும். தவளை குதிக்கும். கரடி மேளம் அடிக்கும். கடைசியாக வருவது குரங்கு.

நீலக் கால்சட்டை, சிவப்புத் தொப்பி, முன்னால் ஒரு குட்டி மேசை, கையில் குட்டி இஸ்திரிப்பெட்டி. சாவி கொடுத்தால் கை முன்னும் பின்னும் போகும். நாலு தேய்ப்புத் தேய்த்துவிட்டுத் தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்க்கும். மறுபடி தேய்க்கும். ஜப்பான் சாமான். கடையநல்லூரில் பாரின் சாமான் விற்ற முகம்மது மைதீன் என்பவரிடம் பலநாள் நடையாய் நடந்து வாங்கியது. சௌந்தரபாண்டியன் அதைத் தூக்கிப் பெஞ்சின் மேல், பாலம்மாளின் பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பார்.

"ஏளா, உனக்குப் போட்டி வந்தாச்சு. யாரு முதல்ல முடிக்கான்னு பாப்பம்."

குரங்கு வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பாலம்மாள் இதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். அடுத்த வாரமும் சிரித்தாள். அதற்கப்புறம் வருஷக் கணக்காக அதே குரங்கு, அதே பேச்சு. அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டதை அவர் கவனிக்கவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே சிரித்துக்கொள்வார்.

"அப்பம் அது தேய்க்கிற சட்டையையே போட்டுக்கிட்டுப் போங்க," என்பாள் அவள், தலையை நிமிர்த்தாமல்.

சௌந்தரபாண்டியனுக்கு அப்போது வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. அவருடைய அப்பா நடத்திய வளையல் கடையை, எழுபதுகளின் தொடக்கத்தில் அவர்தான் கண்ணாடி அலமாரி எல்லாம் போட்டு பேன்ஸி ஸ்டோர் ஆக்கினார். ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கூட்டம் வரும் என்று பொம்மையும் வாங்கிப் போட்டார். ஒரு வருஷம் வந்த சரக்கில் ஒரு தகர வாத்து இருந்தது. ஓடுகிறதா என்று பார்க்கச் சாவி கொடுத்தவர், அன்று மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. அதை விற்கவும் இல்லை. பிளாஸ்டிக் பொம்மை வந்து, மற்ற கடைக்காரர்கள் தகரத்தைத் தள்ளிவிட்டபோது, இவர் போய் அள்ளிக்கொண்டு வந்தார்.

அவருடைய பெண்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகளாக இருந்தவரை, "பிள்ளைகளுக்கு வாங்குதேன்" என்று சொல்லச் சௌகரியமாக இருந்தது. மூத்தவளுக்குக் கல்யாணம் முடிந்தது. இளையவள் பத்தாம் வகுப்பு வந்ததும், "எப்பா, இனிமே என் பேரைச் சொல்லி வாங்காதீங்க. பள்ளிக்கூடத்துல கேலி பண்ணுதாளுவ," என்று கறாராகச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு காரணம் சொல்வதை விட்டுவிட்டு வாங்கினார்.

வீட்டில் இருப்பது இரண்டே அறை. அதனால் பொம்மைகளுக்குக் கடையில் மேல் தட்டு. உட்கார்ந்த இடத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் எல்லாம் தெரியும். அவருக்குத் தெரிவது வாடிக்கைக்காரருக்கும் தெரியும் என்பதுதான் சிக்கல்.

"அண்ணாச்சி, அந்தக் கொரங்கு என்ன வெல?"

"அது ரிப்பேரும்மா."

"அந்தக் கரடி?"

"அதுவும் ரிப்பேரு."

பக்கத்தில் பூ விற்கும் முப்பிடாதியம்மாள் இதைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். "மேல பூராம் ரிப்பேரு. ஏ அண்ணாச்சி, நீரு கடை வச்சிருக்கீரா, ஆசுபத்திரி வச்சிருக்கீரா?"

ஆனால் இந்த ரிப்பேர்க் கதையைப் போணி நேரத்தில் மட்டும் அவர் சொல்லமாட்டார். காலையில் கடை திறந்து விளக்குப் பொருத்தியதும், முதலில் வந்து நிற்கிறவரிடம் இல்லை என்ற சொல் வரக்கூடாது. கேட்டதை எடுத்துக் கொடுத்து, காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். முதல் ஆளை வெறுங்கையாய் அனுப்பினால் அன்றைக்கு வியாபாரம் படுத்துவிடும். அவர் அப்பா அப்படித்தான் நடத்தினார். இவரும் ஒருநாள் தவறியதில்லை. பாலம்மாளுக்கும் அதையே சொல்லிக் கொடுத்திருந்தார்.

போணிக்கு வருகிற எவனாவது மேல் தட்டைக் கையைக் காட்டிவிட்டால்? அதற்கு அவர் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். முப்பிடாதிக்கு நல்ல கைராசி. தினமும் கடை திறக்கும்போது அவள் வந்து ஓர் ஊக்கோ ஹேர்பின்னோ வாங்கிப் போணி பண்ணுவாள். அதற்கப்புறம் யார் வந்தாலும் தாராளமாக ரிப்பேர் சொல்லலாம்.

கரிவலம்வந்தநல்லூர் வெள்ளத்துரை எப்போது வந்தாலும் அந்தப் பதிலைத்தான் வாங்கிக்கொண்டு போனார். பருத்தி, மிளகாய் எல்லாம் பயிர் போடுகிற சம்சாரி. ஊரில் ஒரு தகராறு என்றால் அவரைக் கூப்பிடுவார்கள். மீசையைப் பார்த்தால் பொம்மை கேட்கிற ஆள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

"கொரங்கு இன்னும் ரிப்பேருதானா?"

"ஆமா அண்ணாச்சி. சாமான் கெடைக்கல."

"யாருக்கு வேணும், பேரனுக்கா?" என்று ஒருநாள் பாலம்மாள் கேட்டாள். அவள் சாப்பாட்டுத் தூக்கோடு கடைக்கு வந்திருந்தாள். வெள்ளத்துரை "அப்படித்தான்" என்று சொல்லி மீசையைத் தடவிக்கொண்டார்.

அந்த வருஷம் ஆடித்தபசுக்கு முந்திய வாரம், சௌந்தரபாண்டியன் சரக்கு எடுக்க வியாழக்கிழமை விடியற்காலை மதுரைக்குக் கிளம்பினார். அன்றைக்குக் கடை பாலம்மாள் பொறுப்பு. மறுநாள் மூட்டையோடு வந்து இறங்கியவர், வழக்கம்போல முதலில் மேல் தட்டைத்தான் பார்த்தார். கரடிக்கும் தவளைக்கும் நடுவே ஒரு வெற்றிடம்.

"கொரங்கு எங்கட்டி?"

"போணி ஆயிட்டு."

"எது போணி ஆயிட்டு?"

"கொரங்குதான். வெளக்கப் பொருத்திட்டு நிமுருதேன், கரிவலத்து அண்ணாச்சி நிக்காரு. அதுதான் வேணும்னாரு. போணிக்கு வந்தவரைப் பாத்து இல்லைன்னு சொல்லச் சொல்லுதீயளா?"

அப்படிச் சொல்லச் சொல்ல அவரால் முடியாது, கற்றுக்கொடுத்ததே அவர்தான். "ரிப்பேருன்னு சொல்லியிருக்கலாம்லா?"

"வெளக்குப் பொருத்துன கையோட பொய் சொல்லணுமாக்கும்?"

"முப்பிடாதி எங்க போனா?"

"அவ அன்னைக்கு வரல."

அன்று ராத்திரி அவர் ரசத்தோடு எழுந்துவிட்டார். மோர் வேண்டாம் என்றார். சனிக்கிழமை பையில் பொம்மைகளை எடுத்துவரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு, "கரிவலம் வரைக்கும் போயிட்டு வாரேன்," என்று பஸ் ஏறினார். என்ன விலை சொன்னாலும் கொடுத்துக் குரங்கைத் திருப்பி வாங்கிவிடுவது என்று முடிவோடுதான் போனார்.

வெள்ளத்துரையின் வீட்டில் அவர் மனைவி பிச்சம்மாள் கதவைத் திறந்தாள்.

"பொம்மையா? எங்க வீட்டுலயா? எங்களுக்கு இன்னும் பேரன் பேத்தி எடுக்கலையே அண்ணாச்சி. வீடு மாறி வந்துட்டீங்களோ?"

அவளுக்குப் பின்னால் வெள்ளத்துரை வந்து நின்று, கண்ணைக் காட்டினார், இருமினார், தலையை ஆட்டினார். "ஏய், அது பருத்திக்கு மருந்தடிக்கிற மிஷினு சமாச்சாரம். ஒனக்கு என்ன தெரியும்? வாங்க அண்ணாச்சி, தோட்டத்துக்குப் போவம்."

"மருந்தடிக்கிற மிஷினைப் பொம்மைன்னா சொல்லுவாக?" என்று பிச்சம்மாள் கேட்பதற்குள் இருவரும் தெருவில் இருந்தார்கள்.

தோட்டத்தில் கிணற்றடியில் மோட்டார் ரூம். கதவில் இருந்த பூட்டைப் பார்த்தால் உள்ளே நகைப்பெட்டி இருக்கிறது என்று தோன்றும். வெள்ளத்துரை திறந்தார். மோட்டார், ஸ்டார்ட்டர் பெட்டி, எண்ணெய் டப்பா. அதற்கு மேலே ஒரு பலகைத் தட்டு. தட்டில் மரக்குதிரை, அம்பாசமுத்திரத்துச் சொப்பு, தகர ரயில் இஞ்சின், சிறகு விரிக்கிற கிளி. நடுவில், மஞ்சள் துணி விரித்து, குரங்கு.

சௌந்தரபாண்டியன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இது யாருக்கும் தெரியாது," என்றார் வெள்ளத்துரை. "ஊர்ல எவனும் பாத்தாம்னா, அப்புறம் நான் எவன் சண்டையில போயி நாயம் பேச? சாவி குடுக்கட்டுமா?"

கொடுத்தார். குரங்கு தேய்த்தது. இரண்டு பேரும் கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

"மூணாவது தடவ தலையத் திருப்புதப்பம் கொஞ்சம் நிக்கி. கவனிச்சீரா?" என்றார் வெள்ளத்துரை, குரலைத் தாழ்த்தி. "கெட்டுத்தான் போச்சோன்னு எனக்கு ரெண்டு நாளா உறக்கமில்ல."

"அது கெட்டதில்லவே. அது அதோட கொணம்."

அண்ணாச்சி போய், கூட்டாளிகளுக்குள் சொல்லிக்கொள்ளும் 'வே' வந்தது இருவருக்குமே உறைக்கவில்லை. குரங்கு ஓய்ந்ததும் சௌந்தரபாண்டியன் ஒருவழியாகச் சொன்னார்: "வே, அதத் திருப்பித் தந்துரும். என்ன கேட்டாலும் தாரேன்."

"போணிச் சாமான்லா? திருப்பி வாங்குனா கடைக்கு ஆகுமா?"

ஆகாதுதான். போணியைத் திருப்பி எடுத்த கடை விளங்காது என்று அவர் அப்பாவே சொல்லியிருக்கிறார். சௌந்தரபாண்டியன் கவிழ்த்து வைத்திருந்த உர வாளியின் மேல் உட்கார்ந்தார்.

"உமக்கு எப்படிவே போணிக் கணக்கெல்லாம் தெரிஞ்சுது?"

வெள்ளத்துரைக்கு அடக்கமுடியாத சிரிப்பு. "ஒம்ம கடைக்கு எதுத்தாப்புல டீக்கடையில எத்தனை நாளு இருந்து பாத்திருக்கேன்! முப்பிடாதிதான் ஒமக்குக் காவக்காரின்னு தெரிஞ்சு போச்சு. வியாழக்கிழமை விடியக்காலம் அவ கூடையோட பஸ் ஸ்டாண்டுல வந்து எறங்குனா. கூடைப் பூவ மொத்தமா வாங்கிட்டேன். அவ அடுத்த பஸ்ஸுல வீட்டுக்குப் போயிட்டா."

"அம்புட்டுப் பூவையும் என்ன செஞ்சீரு?"

"அம்மன் சன்னதிக்குக் குடுத்தேன். டிரைவருக்குக் குடுத்தேன். கண்டக்டருக்குக் குடுத்தேன். அப்படியும் மிச்சம்." வெள்ளத்துரை கையைக் காட்டினார். மோட்டாரின் கழுத்தில் வாடிய கதம்ப மாலை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

சௌந்தரபாண்டியன் சிரிக்கக்கூடாது என்றுதான் பார்த்தார். முடியவில்லை. சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்தபோது ஒன்று உறைத்தது.

"சரிவே. நான் அன்னைக்கு மதுரைக்குப் போவேன்னு உமக்கு யாரு சொன்னா?"

வெள்ளத்துரை சட்டென்று ரயில் இஞ்சினைக் கையில் எடுத்தார். "இது ஓட மாட்டேங்கு. சாவி குடுத்தா உள்ள கறகறங்கு. நீரு கொண்டுபோயிச் சரி பண்ணித் தாரும்."

"நான் கேட்டது..."

"சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்வே. என்னைய வம்புல மாட்டிவிடாதீரும். கொரங்க எப்பம் பாக்கணும்னாலும் இங்கன வாரும். பூட்டுச் சாவி ரெண்டு இருக்கு, ஒண்ண நீரு வச்சுக்கிடும்."

மேலும் கேட்டுப் பிரயோசனம் இல்லை. அவர் இஞ்சினைத் துண்டில் சுற்றிக்கொண்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறினார்.

வீட்டுக்கு வந்தபோது பாலம்மாள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பெஞ்சு விஸ்தாரமாக இருந்தது. தேய்த்து மடித்த சட்டைகள் ஒரு பக்கம் அடுக்கியிருந்தன. இன்னும் இரண்டு மிச்சம்.

"கொரங்கு வந்துதா?"

"வரல. அங்கனயே இருக்கட்டும். நல்லாத்தான் வச்சிருக்காரு."

"துண்டுல என்ன?"

"இஞ்சின். ரிப்பேரு. நெசமாவே ரிப்பேரு."

அவர் சுவரோரமாக வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். இஞ்சினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் காலரில் தண்ணீர் தெளித்து அழுத்தினாள். ஆவி எழும்பியது.

"ஏளா."

"ம்."

"நான் மதுரைக்குப் போற நாள வெள்ளத்துரைகிட்ட சொன்னது யாரு?"

பாலம்மாள் கை முன்னும் பின்னும் போய் வந்தது. அந்தச் சட்டையை முடித்து, மடித்து, அடுக்கின் மேல் வைத்தாள். தலையைத் திருப்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பெட்டியைக் கைப்பிடி அவர் பக்கமாக இருக்கும்படி பெஞ்சின் ஓரத்தில் தூக்கி வைத்தாள். உள்ளே கரி இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. மிச்சமிருந்த கடைசிச் சட்டையை ஜமுக்காளத்தின் மேல் விரித்து, கையால் ஒருமுறை நீவிவிட்டாள்.

"ஒன்னத்தான் கேக்கேன்."

"போட்டிக்குத்தான் இப்பம் கொரங்கு இல்லையே. அந்தச் சட்டைய நீங்க முடிங்க," என்று, அவள் மடித்த சட்டைகளை இரண்டு கையாலும் அணைத்து எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனாள்.