மூக்கு தேவபிரசாதம்

டிரம்மின் மூடியைத் திருகி எடுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஓட்டையில் மூக்கை வைக்கிறார் தேவபிரசாதம். பக்கத்தில் நிற்பவர்கள் அப்போது வெற்றிலைகூட மெல்லக் கூடாது. ஒரே இழுப்பு. முகம் மலர்ந்தால் டிரம்மில் சாக்பீஸால் ஒரு சிலுவைக் குறி, டீசல் நிரப்பலாம். முகம் சுளித்தால் டிரம் வெளியே உருளும். தூத்துக்குடி எண்ணெய்க் கிடங்கில் காலி டிரம்களைச் சோதித்து வாங்குவதுதான் அவர் வேலை. உலக யுத்தம் முடிந்து மோட்டார் லாஞ்சிகள் பெருகியதிலிருந்து அந்த மூக்குக்கு ஓய்வே இல்லை. அதுவும் லேசுப்பட்ட மூக்கல்ல. ஆள் வருமுன் அது வந்துவிடும்.

அவருடைய ஜென்மப் பகை கடல்தண்ணீர். கடல் மீனைத் தின்று வளர்ந்த மனிதருக்கு இப்படி ஒரு பகை! டிரம்மின் அடியில் கொஞ்சம் கடல்தண்ணீர் தங்கி, அதன்மேல் டீசலை ஊற்றிவிட்டால், காற்றில்லாத அந்த இருட்டில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பெருகிவிடும். கூழ்முட்டை நாற்றம், கறுப்பாக ஒரு வழுவழுப்பு, இரும்பில் அரிப்பு. "ஒரு சிரட்டைத் தண்ணி போதும்லே, உள்ளயே குடும்பம் நடத்தி ஊரையே பெத்துப் போட்டுரும்" என்பார்.

கொதிநீரும் சுண்ணாம்பும் விட்டு உருட்டிக் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் கவிழ்த்துப் போட்டால் தீர்ந்தது. தோணிக்காரர்கள் கேட்டால்தானே? சரக்கில்லாமல் திரும்பும் தோணி அலையில் உருளும். அதனால் டீசலை இறக்கிய காலி டிரம்களில் கடல்தண்ணீரை நிரப்பிப் பாரமாக்கிக்கொண்டு வருவார்கள். கரை தெரிந்ததும் கொட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்கள்போல நிற்பார்கள்.

போன வாரம் அப்படி வந்தது மரியானின் தோணி. மரியானின் மகனுக்குத்தான் தேவபிரசாதத்தின் மகள் மரியசெல்வியைப் பேசி முடித்திருக்கிறது. மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவிப்பதுதான் பாக்கி. மரியான் சிரித்த முகமாக நின்றார். முதல் டிரம்மிலேயே மூக்கு சுளித்தது. மற்றவையும் அப்படியே.

"சம்மந்தி, கொஞ்சம் பாத்துச் செய்யும்" என்றார் மரியான், தாழ்ந்த குரலில். மகள்மேல் உயிரையே வைத்திருக்கிறவருக்கு எப்படி இருந்திருக்கும்?

"இந்த எண்ணெயிலதான் லாஞ்சி ஓடுது. நடுக்கடல்ல எஞ்சின் அடைச்சு நின்னா, உள்ள இருக்கவன் எவனுக்குச் சம்மந்தின்னு கடல் கேக்காது" என்றார் தேவபிரசாதம்.

டிரம்கள் வெளியே உருண்டன. மரியான் திரும்பிப் பார்க்காமல் போனார். வீட்டில் மனைவி பிளாரன்ஸ் பேச்சை நிறுத்திவிட்டு, சோற்றை மட்டும் போட்டாள். மரியசெல்வி அழுத கண்ணோடு நடமாடினாள். கிடங்கில் இவர் சாக்பீஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு அதை எங்கெங்கோ தேடினார்.

இன்று காலை மரியான் வந்தார், கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டையில். பின்னால் வண்டியில் அதே டிரம்கள். ஆள் வைக்காமல் தானே கழுவியிருக்கிறார். விரல்களைச் சுண்ணாம்பு தின்றிருந்தது. "சாமியார்ட்ட சொல்லிட்டேன் சம்மந்தி, வார ஞாயித்துக்கிழமை ஓலை..." என்று தொடங்கினார்.

தேவபிரசாதம் கையைக் காட்டி நிறுத்தினார். குனிந்தார். ஒரு டிரம்மைக்கூட விடாமல் முகர்ந்தார். கடைசி டிரம்மிலும் குறியைப் போட்டபிறகுதான் நிமிர்ந்து, வேகமாகப் போய் மரியானைக் கட்டிக்கொண்டார். கையெல்லாம் எண்ணெயாக இருந்ததால், கண்ணைச் சம்பந்தியின் வெள்ளைச் சட்டைத் தோளிலேயே துடைத்துக்கொண்டார்.