நல்ல கண்ணுக்குப் பட்டை

எங்கள் பெரியப்பாவுக்குத் தெரியாத வைத்தியம் கிடையாது. புனே பக்கத்தில் தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்தார். மிஷினைப் பிரித்து மாட்டத் தெரிந்தவனுக்கு மனித உடம்பு ஒரு பொருட்டா என்பது அவர் கட்சி. அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எனக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை வைத்தார்கள். வலது கண்ணை மூடியதும், பலகையில் இருந்த ஆகப் பெரிய எழுத்தைக்கூட என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் எல்லாம் நன்றாகத் தெரிந்ததால், அதுவரை வீட்டில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

அப்பாவுக்கு ஷிஃப்ட். அம்மாதான் என்னை லோக்கல் ரயிலில் ஏற்றிப் புனேயில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவளுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், டாக்டருக்கோ மராட்டி. நடுவில் நான் உட்கார்ந்து என் கண்ணைப் பற்றி நானே மொழிபெயர்த்தேன். இடது கண்ணில் பவர் மிக அதிகம், சின்னதிலிருந்தே அதில் எல்லாம் கலங்கலாகத்தான் விழுந்திருக்கிறது என்றார் டாக்டர். கலங்கல் படத்தை மூளை எத்தனை நாள் சகித்துக்கொள்ளும்? அதை ஒதுக்கிவிட்டு வலது கண்ணை மட்டும் நம்பப் பழகிவிட்டதாம். கண்ணாடி போட்டுக்கொண்டு, தினமும் நாலு மணி நேரம் நல்ல கண்ணின் மேல் பட்டை ஒட்டி மூட வேண்டும், அப்போதுதான் சோம்பேறிக் கண் வேலை பழகும் என்று சொல்லி, விரலால் என் வலது இமையைத் தொட்டுக் காட்டினார். அம்மா தலையாட்டினாள்.

அந்தப் பட்டையை நான் வெறுத்தேன். பட்டை ஏறியதும் உலகம் கஞ்சித் தண்ணீராகிவிடும். புத்தகம் இல்லை, டிவி இல்லை, கீழே பிள்ளைகள் விளையாடும் சத்தம் மட்டும் கேட்கும். நாலாவது நாள் ஞாயிற்றுக்கிழமை, பெரியப்பா வந்திருந்தார். அவர் கண் முன்னாலேயே தண்ணீர் டிரம்மில் முட்டி விழுந்தேன்.

அவ்வளவுதான், வீடு ரெண்டுபட்டது. "டாக்டருக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? கை ஒடிஞ்சா ஒடிஞ்ச கைக்குத்தான கட்டு போடுவாவ? நல்லா இருக்க கண்ண மூடிட்டு, கெட்டுப்போனத வச்சுப் புள்ள எப்படிப் பாக்கும்?" என்று கத்தியபடி பட்டையைப் பிய்த்தார். புருவத்து முடியும் சேர்ந்து வந்தது.

"இல்ல அத்தான், வலது கண்ணத்தான் மூடச் சொன்னாரு" என்றாள் அம்மா.

"உனக்கு மராட்டி தெரியுமாக்கும்?"

அப்பா அங்கேயேதான் இருந்தார். அண்ணன் பேசும்போது வாய் திறக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர். டிவியில் ஓடிக்கொண்டிருந்த கிரிக்கெட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவரை மட்டும் சும்மா விடுவானேன்? அவர் மேலும் எனக்குக் கோபம்தான்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீதான கூட இருந்த. பெரியப்பாட்ட சொல்லுட்டி. எந்தக் கண்ண மூடச் சொன்னாரு?"

நான் இடது கண்ணைக் காட்டினேன்.

பெரியப்பா கெக்கலி கொட்டிச் சிரித்துவிட்டு, புதுப்பட்டை எடுத்துத் தன் கையாலேயே என் இடது கண்ணில் ஒட்டினார். எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. படித்தேன், ஓடினேன், எதிலும் முட்டவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் வைத்தியம் பலித்துவிட்டது என்றார்கள். பலித்துவிட்ட வைத்தியத்துக்கு எதற்கு இன்னொரு தடவை டாக்டர் என்று பெரியப்பா தீர்ப்புச் சொன்னார். ஏற்கெனவே இருட்டில் கிடந்த கண்ணை மேலும் இரண்டு வருடம் இருட்டிலேயே வைத்தோம், ஒருநாள் தவறாமல்.

மறுபடி பள்ளிக்கூடப் பரிசோதனையில் மாட்டிக்கொண்டு அதே டாக்டரிடம் போனபோது, பட்டையை எந்தக் கண்ணில் ஒட்டினீர்கள் என்று கேட்டார். சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதற்குப் பிறகு சரியான கண்ணில் ஒட்டிப் பார்த்தோம், வந்தது கொஞ்சம்தான். இன்றைக்கும் புனே விமான் நகரில் என் ஆபீஸில் இடது பக்கமாக வந்து நிற்பவர் யார் என்று, தலையைத் திருப்பினால்தான் எனக்குத் தெரியும். பெரியப்பா இதுவரை வருத்தப்பட்டதில்லை. கண்ணாடியின் பவர் தப்பு என்கிறார். அம்மா மட்டும், தனக்கு நாலு வார்த்தை மராட்டி தெரிந்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று போன தீபாவளிக்குக்கூட அழுதாள்.

எனக்கு அன்று தெரியாமல் போனது ஒன்றுதான். எந்தக் கண் என்று அம்மாவுக்கு நன்றாகவே தெரியும். அந்த நாலு நாளும் சரியான கண்ணில் ஒட்டியவள் அவள்தானே. அந்த வீட்டில் அவள் சொல் எடுபடாது என்பதால்தான் என்னைக் கேட்டாள். தனக்காகப் பேச அவளுக்கு அங்கே என்னை விட்டால் வேறு யாரும் இருக்கவில்லை.